வழுக்கித்தான் விழுந்தாரா? முதியோர் விழுவது ஏன் என்று ஓர் எளிய விளக்கம்

பெரியம்மா விழுந்தது ஒரு கார்த்திகை மாத விடிகாலையில். வயது 74. “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க” என்றுதான் சொந்தபந்தம் எல்லாருக்கும் செய்தி போனது. பார்க்க வந்தவர்கள் கேட்டதும் இரண்டே கேள்விகள்: தரை டைல்ஸா, சோப்புத் தண்ணீர் கிடந்ததா?

ஒரு வாரம் கழித்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தபோது பெரியம்மாவே சொன்னார்: “தரை காஞ்சுதான் கெடந்துச்சு. படுக்கையில இருந்து எழுந்தேன், நாலு எட்டு வச்சேன், கண்ணைக் கட்டின மாதிரி இருந்துச்சு. அப்புறம் தரையிலதான் கெடந்தேன்.” பிறகு மெல்லச் சொன்னார், அந்த வருடத்தில் அது மூன்றாவது தடவையாம். முதல் இரண்டும் கொல்லைப்புறத்தில். அடிபடாததால் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மாதாமாதம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஓ.பி.க்குப் போய் வருபவர். எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். “எங்கேயாவது விழுந்தீங்களா?” என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கூடப் போய் வந்த நானும் கேட்டதில்லை. அந்த வருத்தத்தில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், மருத்துவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். புரிந்ததை என்னைப் போன்ற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நம் வீடுகளில் இரண்டு வாக்கியங்கள் புழங்குகின்றன. ஒன்று, “வழுக்கி விழுந்துட்டார்.” மற்றது, “வயசானா விழத்தான் செய்வாங்க.” முதலாவது பழியைத் தரை மேல் போடுகிறது. இரண்டாவது வயதின் மேல் போடுகிறது. இரண்டில் எதைச் சொன்னாலும், அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. யோசிக்க நிறையவே இருக்கிறது.

டவுன் பஸ்ஸில் நிற்பது போல

டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். உடம்பு முன்னால் சாய்கிறது. நீங்கள் யோசிப்பதற்குள் ஒரு கால் தானாக முன்னே போய் ஊன்றிக்கொள்கிறது. கை கம்பியைத் தேடுகிறது. விழவில்லை.

இங்கே நடந்தவை இரண்டு. ஒன்று, சமநிலை குலைந்தது. இரண்டு, உடம்பு அதை மீட்டுக்கொண்டது. சமநிலை எல்லாருக்கும் குலைகிறது. இருபது வயதுக்காரர் நிலைப்படியில் தடுக்கினால் இரண்டு எட்டு ஓடி நின்றுவிடுவார், அடுத்த நொடியே அதை மறந்தும் விடுவார். அதே நிலைப்படியில் எண்பது வயதுக்காரர் தடுக்கினால், ஊன்ற வேண்டிய கால் அரை நொடி தாமதமாக வருகிறது. அல்லது போதுமான வலு இல்லாமல் வருகிறது. விழுகிறார்.

ஆகவே, எதில் தடுக்கினார் என்பதைவிட, தடுக்கிய பிறகு ஏன் மீள முடியவில்லை என்பதுதான் முக்கியமான கேள்வி. தரையை மட்டும் பார்ப்பவர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்.

செய்தி கொண்டுவரும் மூவர்

சும்மா நிற்பதுகூட உடம்புக்கு ஒரு வேலைதான். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடப்பவர் கவனிக்காமலே உடம்பை வளைத்து வளைத்துச் சரிசெய்வதைப் போல, நிற்கும்போது மூளை ஒவ்வொரு கணமும் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்துகொண்டே இருக்கிறது. அதற்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வர வேண்டும்.

முதலாவது கண். சுவர் நேராக இருக்கிறதா, படி எங்கே முடிகிறது என்று சொல்கிறது. இரண்டாவது உள்காது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்கிறது. மூன்றாவது பாதமும் மூட்டுகளும். கால் தரையில் பட்டுவிட்டதா, கணுக்கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியவைக்கும் இந்த உணர்வுக்கு உடல் இருப்பு உணர்வு என்று பெயர்.

சுவருக்குப் பக்கத்தில் நின்று ஒற்றைக் காலைத் தூக்கிப் பாருங்கள். பிறகு கண்ணை மூடுங்கள். ஒரு செய்தியாளர் போனதும் மற்ற இருவரும் எவ்வளவு திணறுகிறார்கள் என்று உடனே தெரியும். (முதியவர்களை வைத்து இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

இப்போது பெரியம்மாவுக்கு வருவோம். ஒரு கண்ணில் புரை. பதினைந்து வருடச் சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகளும் பாதிக்கப்பட்டிருந்தன. “பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு”, “செருப்பு கழண்டு போனதே தெரியல” என்று அவர் சொன்னபோதெல்லாம், ஏதோ கால் வலி என்று நாங்கள் தைலம் தேய்த்துவிட்டோம். மூன்று செய்தியாளர்களில் இருவர் பாதி ஊமையாகிப்போயிருந்தார்கள். வெளிச்சம் இருக்கும் பகலில் எப்படியோ சமாளித்தார். விடிகாலை இருட்டில் கண்ணும் உதவவில்லை.

இதுவரை பார்த்தது: விழுவது என்பது சமநிலை குலைவதும், அதை மீட்க முடியாமல் போவதும் சேர்ந்தது. மீட்பதற்குச் சரியான செய்தி வேண்டும், அந்தச் செய்தியைக் கேட்டு நடக்க வலுவான காலும் வேண்டும்.

ஆபத்துக் காரணி என்றால் என்ன?

இருப்பதிலேயே அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் இதுதான். ஆபத்துக் காரணி என்பது, அது இருந்தால் ஒரு கெடுதல் நேரும் வாய்ப்பு கூடும் என்று சொல்லத்தக்க ஒரு நிலை. இருந்தால் விழுந்தே தீருவார் என்று பொருள் இல்லை. இல்லாவிட்டால் விழவே மாட்டார் என்றும் இல்லை.

பைக்கில் டயர் தேய்ந்திருக்கிறது. வீடு வந்து சேர்ந்துவிடலாம். மழையும் பெய்கிறது, ஹெட்லைட்டும் மங்கல், பின்னால் ஒரு சிப்பம் அரிசி வேறு. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சமாளிக்கக்கூடியதுதான். நான்கும் ஒரே இரவில் சேர்ந்தால், ஒரு சின்னப் பள்ளம் போதும். மறுநாள் எல்லாரும் அந்தப் பள்ளத்தைத்தான் திட்டுவார்கள்.

இந்தச் சேர்மானத்தை எண்ணிக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டினெட்டியும் உடன் ஆய்வாளர்களும், வீட்டில் வசித்த, 75 வயதைத் தாண்டிய 336 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 1988இல் முடிவு வெளியானது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர், அதாவது 32 சதவீதம் பேர், அந்த ஓராண்டில் ஒரு முறையாவது விழுந்திருந்தார்கள். தூக்க மாத்திரை வகையறா, நினைவாற்றல் குறைவு, கால் வலுக்குறைவு, நடையிலும் சமநிலையிலும் கோளாறு, பாதத்தில் பிரச்சினை போன்ற ஆபத்துக் காரணிகளை ஒவ்வொருவரிடமும் எண்ணினார்கள். ஒன்றும் இல்லாதவர்களில் விழும் வாய்ப்பு 8 சதவீதம். நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 78 சதவீதம்.

8இலிருந்து 78. அந்த எண்களைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாருமே முதியவர்கள்தான். வயது மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்?

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது. தடுக்கவோ வழுக்கவோ ஏதுவாகச் சுற்றுப்புறத்தில் ஏதாவது இருந்தபோது நடந்தவை, மொத்த விழுகைகளில் 44 சதவீதம். பாதிக்கும் குறைவு. தரையைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் தரையோடு கதை முடிவதில்லை.

எழுந்தவுடன் கண்ணைக் கட்டுவது

மாடி வீட்டில் குளிக்கும்போது கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால், மேலே தண்ணீர் நூலாக இளைத்துவிடும். படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போதும் இப்படித்தான். ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப்பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. மேலே இருக்கும் மூளைக்கு வரத்து குறைகிறது.

இளவயதில் இது நமக்குத் தெரிவதே இல்லை. கழுத்து ரத்தக்குழாயில் உள்ள உணரிகள் அழுத்தம் குறைவதைக் கண்டுகொண்டு சொல்ல, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும், சில நொடிகளில் சரியாகிவிடும். வயதாக ஆக இந்த ஏற்பாடு மந்தமாகிறது. நீண்ட காலச் சர்க்கரை நோய் அதை இன்னும் கெடுக்கும். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும், புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் சிலவும் ரத்தக்குழாயை இறுக விடுவதில்லை.

எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ, கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால், அதற்கு நிற்கையில் வரும் அழுத்தக்குறைவு என்று பெயர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது பிடிபடாது. சீட்டில் 130/80 என்று அழகாக எழுதியிருக்கும். படுக்கவைத்துச் சில நிமிடம் கழித்து ஒரு முறை, எழுந்து நின்றபின் ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒரு முறை என்று பார்த்தால்தான் தெரியும். பெரியம்மாவுக்கு அப்படிப் பார்த்தது விழுந்த பிறகுதான். நின்றதும் 28 புள்ளி இறங்கியது.

மாத்திரைப் பை

சர்க்கரைக்கு இரண்டு, பிரஷருக்கு இரண்டு, கொழுப்புக்கு ஒன்று. முட்டி வலிக்கு வேறொரு மருத்துவர் கொடுத்தது. தூக்கம் வரவில்லை என்று எப்போதோ தொடங்கி நிறுத்தாமலே போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக மேசையில் கொட்டி யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரே நேரத்தில் ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகள் எடுப்பதைப் பலமருந்து நிலை என்கிறார்கள். எண்ணிக்கையைவிட வகை முக்கியம். தூக்க மாத்திரைகளும் மனநல மருந்துகளில் பலவும் மூளையின் எதிர்வினையைத் தாமதப்படுத்துகின்றன. ஊன்ற வேண்டிய கால் அந்த அரை நொடியைத் தவறவிடுவது இதனாலும்தான். நீர் பிரிவதற்கான மாத்திரையை மாலையில் போட்டுக்கொண்டால் இரவில் இரண்டு மூன்று தடவை இருட்டில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் சர்க்கரை தாழ்ந்து நிலை தடுமாறும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம். தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, அட்டையோடு, மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, “இதுல எது இப்பவும் தேவை?” என்று கேட்பதுதான் வழி.

இதுவரை பார்த்தது: மங்கிய பார்வை, மரத்த பாதம், எழும்போது இறங்கும் அழுத்தம், மந்தமாக்கும் மருந்து என ஒவ்வொன்றும் தனியே சிறியது. சேர்ந்தால் பெரியது. இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

ஓ.பி. நாளே ஒரு சோதனை

ஓ.பி.க்கு வரும் முதியவர் மருத்துவமனைக்குள் தானே நடந்து வருகிறார். படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் போல “விழக்கூடும்” என்று யாரும் அவரை நினைப்பதில்லை. ஆனால் அந்த நாளை நினைத்துப் பாருங்கள். ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிறு. அதிகாலைப் பஸ், உயரமான படிக்கட்டு. சீட்டு வாங்க நிற்கும் வரிசை. ரத்தம் கொடுத்துவிட்டுச் சட்டென்று எழுவது. கண் பிரிவில் சொட்டு மருந்து விட்டிருந்தால், கண்பாப்பா விரிந்து சில மணி நேரம் பார்வை கூசி மங்கும். அதோடுதான் வீடு திரும்ப வேண்டும். என் பங்குக்கு ஒரு வேண்டுகோள்: அன்றைக்காவது துணைக்கு ஒருவர் போங்கள், கையில் பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஓ.பி.தான் ஆபத்தைக் கண்டுபிடிக்கவும் மிக வசதியான இடம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவர்களுக்குச் சொல்லித்தரும் முறை மூன்று கேள்விகளில் தொடங்குகிறது: போன ஒரு வருடத்தில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுவது போல் இருக்கிறதா? விழுந்துவிடுவோமோ என்று பயம் இருக்கிறதா? மூன்றையும் கேட்க ஒரு நிமிடம் ஆகாது. ஏற்கெனவே விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு கூடுதல் என்பதால் முதல் கேள்விக்கு எடை அதிகம்.

அடுத்தது எழுந்து நடக்கும் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி என்று பார்ப்பது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை. கருவி எதுவும் வேண்டாம், கடிகாரம் போதும்.

நடந்துகொண்டே பேச முடிகிறதா என்பதையும் கவனிக்கலாம். ஸ்வீடனில் 1997இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்று பதில் சொன்ன முதியவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிவிடுகிறது என்பதற்கு அது அடையாளம். சிறிய ஆய்வுதான், அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் அதைப் படித்த பிறகு, ஓ.பி. வராந்தாவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நின்றுவிட்டுப் பதில் சொல்பவர்களை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

“இனிமே எங்கேயும் நடக்காதீங்க”

பாசத்தால் நாம் செய்யும் பெரிய தவறு இது. பெரியம்மாவைக் கட்டிலோடு உட்கார வைத்தோம். தண்ணீர்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்தோம். இரண்டு மாதத்தில் கட்டிலிலிருந்து எழவே கை ஊன்ற வேண்டியதாயிற்று.

பயன்படுத்தாத தசை கரைகிறது. முதுமையில் வேகமாகக் கரைகிறது, மெதுவாகத்தான் திரும்புகிறது. விழுந்தவருக்கு ஏற்கெனவே பயம் இருக்கும். அந்தப் பயத்தில் குறைவாக நடக்கிறார், நடக்காததால் கால் வலு இழக்கிறது, வலு இழந்ததால் தள்ளாட்டம் கூடுகிறது, அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடுகிறது. செக்குமாடு போலச் சுற்றும் இந்தச் சுழற்சியைத்தான் நாங்கள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம்.

உடற்பயிற்சி இதை உடைக்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2019இல் சொன்னது: உடற்பயிற்சியால் விழும் விகிதம் 23 சதவீதம் குறைகிறது. எந்தப் பயிற்சி என்பதில்தான் குழப்பம். காலையில் தெருவில் நடப்பது நல்லதுதான், ஆனால் சமநிலையைச் சோதிக்கும் பயிற்சிகளுக்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஒரு காலுக்கு முன்னால் மறு காலை ஒட்டிவைத்து நிற்பது போன்றவை. இவற்றை முதலில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்லித்தர வேண்டும். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும், தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. மாத்திரை கொண்டுவருபவரிடமே கேட்கலாம்.

கால்சியம் போதாதா?

போதாது. எலும்பு முறிவது வேறு, விழுவது வேறு. எலும்பை வலுப்படுத்தும் சிகிச்சை, விழுந்தால் முறியும் வாய்ப்பைக் குறைக்கலாம். கால் தடுக்கும்போது அது கைகொடுக்காது. வைட்டமின் டி ஊசியோ மாத்திரையோ அதிகமாகப் போட்டால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி அவர்கள் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள்.

அடுத்த ஓ.பி.யில் என்ன சொல்வது?

முதியோருக்கென்று தனி ஓ.பி. நமக்குப் புதிதில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே தொடங்கியது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலானோர் போவது ஊரிலுள்ள பொது ஓ.பி.க்குத்தான். அங்கே கூட்டம் நெரியும், கேட்க நேரம் இருக்காது. அதனால் நாமே முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்: “டாக்டர், இந்த வருஷம் இத்தனை தடவை விழுந்தாங்க.” எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது, எழுந்த உடனேயா, சாப்பிடுவதற்கு முன்பா, கண் இருண்டதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நிற்கவைத்தும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாதத்தைக் காட்டுங்கள். கண்ணைப் பரிசோதிக்கக் கேளுங்கள். பைஃபோகல் கண்ணாடி போட்டிருந்தால் படி இறங்கும்போது கீழ்வில்லை வழியே படி மங்கலாகத் தெரியும், அதையும் சொல்லுங்கள்.

முதியவரிடமும் தனியாகக் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். “சொன்னா வெளியவே விட மாட்டீங்கன்னு பயந்தேன்” என்று பெரியம்மா சொன்னது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சில நேரங்களில் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்கக் கூடாது. நினைவு தப்பி விழுந்திருந்தால் அது இதயத் துடிப்புக் கோளாறாகவும் இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் அன்றே போக வேண்டும். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டால் இழுத்துத் தூக்கி நிறுத்தாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பெரியம்மாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. மருத்துவர் தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார், பிரஷர் மாத்திரையில் ஒன்றை மாற்றினார். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி விளக்கு எரிகிறது, சுவரில் கைப்பிடி இருக்கிறது. விழித்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கணுக்காலை இருபது தடவை ஆட்டி, வாய்விட்டு எண்ணிவிட்டுத்தான் எழுகிறார். பக்கத்து அறையில் படுத்திருக்கும் எனக்கு அந்த எண்ணிக்கை கேட்கும்.